கடல் உள்வாங்கினால் சுனாமியா? நிலநடுக்கத் தொலைக்காட்சிப் படங்களும் இராமநாதபுரம் கடற்கரையும்

பாம்பனில் கடல் உள்வாங்கியது, மண்டபத்தில் கடல் உள்வாங்கியது என்ற செய்தி ஆண்டில் சில முறையாவது வந்துவிடுகிறது. நீர் வற்றிய இடத்தில் நாட்டுப்படகுகள் ஒருக்களித்துச் சேற்றில் கிடக்கும். கடற்புல்லும் சிப்பியும் வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும். சுற்றுலா வந்தவர்கள் அதைக் கைப்பேசியில் படம்பிடித்து அனுப்ப, வெளியூரில் இருக்கும் உறவினர்கள் சுனாமி வரப்போகிறதா என்று பதறி அழைப்பார்கள். அதே நேரத்தில் அந்தச் சேற்றில் இறங்கி நண்டு பொறுக்கிக்கொண்டிருப்பவர்கள் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை.

ஒரே காட்சியை இரு தரப்பினர் இவ்வளவு வேறாகப் படிப்பதற்கு 2004ஆம் ஆண்டின் நினைவு ஒரு காரணம். விடுமுறை நாள் மதியங்களில் தமிழில் குரல் மாற்றி ஒளிபரப்பாகும் பேரிடர்ப் படங்கள் இன்னொரு காரணம். நிலம் குலுங்கும், கடல் பின்வாங்கும், மலையளவு அலை எழும், எல்லாம் ஒரு விளம்பர இடைவேளைக்குள் நடந்து முடியும் என்ற வரிசை அவற்றின் வழியே மனத்தில் பதிந்துவிட்டது. இந்த வரிசையில் எது அறிவியல், எது கதைத் தேவை என்று பிரித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். அளவில் இப்படங்கள் செய்யும் மிகை பெரும்பாலும் தீங்கற்றது. நேரத்தில் அவை செய்யும் சுருக்கமே கடற்கரையில் வாழ்பவர்களுக்கு ஆபத்தானது.

ஒரே ஆண்டின் இரு நிலநடுக்கங்கள்

அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சி 2004ஆம் ஆண்டு மே மாதம் '10.5' என்ற படத்தை இரு இரவுகளில், இரு பாகங்களாக ஒளிபரப்பியது. சியாட்டில் நகரின் ஸ்பேஸ் நீடில் கோபுரம் சரிவதில் தொடங்கும் கதை இது. நிலத்தில் விழுந்த பிளவு ஓடும் தொடர்வண்டியைத் துரத்திப் பிடித்து விழுங்கும். சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலம் அறுந்து விழும். பிளவுக்கோட்டை 'ஒட்டவைப்பதற்காக' அணுகுண்டுகளை நிலத்துக்குள் இறக்கி வெடிக்கச் செய்வார்கள். அடுத்து வரப்போவதை முன்கூட்டியே சொல்லும் பெண் ஆய்வாளர் ஒருவர், அவரை முதலில் நம்ப மறுக்கும் மேலிடம் என்ற வழக்கமான சட்டகமும் உண்டு.

ஏழு மாதம் கழித்து, டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை காலை இந்திய நேரப்படி 6.29 மணியளவில், சுமத்ராவுக்கு மேற்கே கடலடியில் 9.1 அளவுள்ள உண்மையான நிலநடுக்கம் நிகழ்ந்தது. ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் நீளத்துக்கு நிலப்பிளவு நகர்ந்தது. இந்தியப் பெருங்கடலைச் சுற்றிய நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். படத்தில் இருந்த அடையாளம் ஒன்றுகூடத் தமிழகக் கரையில் தென்படவில்லை. நிலம் பிளக்கவில்லை, வானம் இருளவில்லை, எச்சரிக்க எவரும் ஓடி வரவில்லை. சென்னையில் சிலர் மெல்லிய அதிர்வை உணர்ந்தார்கள். மற்றபடி அது மார்கழிப் பௌர்ணமி நாளின் அமைதியான காலைப்பொழுது. ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் கழித்துத்தான் சென்னைக் கரையில் கடல் ஏறியது.

10.5 என்ற எண் எதைக் குறிக்கிறது?

நிலநடுக்கத்தின் அளவு வேறு, தீவிரம் வேறு. அளவு என்பது நிலத்தடியில் வெளிப்பட்ட மொத்த ஆற்றலைக் குறிக்கும் ஒற்றை எண். ஒரு நிலநடுக்கத்துக்கு ஓர் அளவுதான். தீவிரம் என்பது ஒவ்வோர் ஊரிலும் உணரப்பட்ட குலுக்கம். அது ஊருக்கு ஊர் மாறும். பாம்பன் கலங்கரை விளக்கத்தின் விளக்குத் திறன் ஒன்றே ஆனாலும், அருகில் நிற்பவருக்குக் கண் கூசும், நடுக்கடலில் இருப்பவருக்கு மினுக்கமாகத் தெரியும். திறன் என்பது அளவு. கண்ணில் படும் வெளிச்சம் தீவிரம். 'இராமநாதபுரத்தில் எத்தனை ரிக்டர் பதிவானது' என்ற கேள்வி பிழையாவது இதனால்தான்.

ரிக்டர் என்ற பெயரும் இன்று பழக்கத்தால் நிற்பது. சார்லஸ் ரிக்டர் 1935இல் கலிபோர்னியாவுக்கென வகுத்த அளவுகோல் மிகப் பெரிய நிலநடுக்கங்களைச் சரியாகக் காட்டாது. எனவே ஹாங்க்ஸ், கனமோரி ஆகியோர் 1979இல் வகுத்த உந்தத்திறன் அளவுகோலே இப்போது பெரிய நிலநடுக்கங்களுக்குப் பயன்படுகிறது. நகர்ந்த பிளவின் பரப்பு, அது நகர்ந்த தொலைவு, பாறையின் விறைப்பு ஆகிய மூன்றையும் பெருக்கி வருவது அது. எண்ணில் ஒன்று கூடினால் ஆற்றல் ஏறத்தாழ 32 மடங்கு கூடும். இரண்டு கூடினால் 1,000 மடங்கு.

இந்தக் கணக்கைப் படத்தின் தலைப்பில் வைத்துப் பார்க்கலாம். கருவிகள் பதிவு செய்தவற்றுள் மிகப் பெரியது 1960 மே 22 அன்று சிலி நாட்டில் நிகழ்ந்த 9.5. அதைப்போல் 32 மடங்கு ஆற்றல் இருந்தால்தான் 10.5 ஆகும், நாம் பட்ட 2004ஆம் ஆண்டு நிலநடுக்கத்தைப் போல் சுமார் 125 மடங்கு. அவ்வளவு ஆற்றல் வெளிப்படுவதற்கு, பூமியின் சுற்றளவில் பெரும்பகுதியைச் சுற்றி வரும் நீளமுள்ள ஒரே பிளவு வேண்டும், அப்படியொன்று கிடையாது. கலிபோர்னியாவின் சான் ஆண்ட்ரியாஸ் பிளவோ சுமார் 1,300 கிலோமீட்டர் நீளம் கொண்டது. நிலநடுக்கம் உண்டாகும் ஆழம் அதில் 15 முதல் 20 கிலோமீட்டர் வரைதான். ஆகவே 8-ஐச் சற்றுத் தாண்டலாம், 9-ஐ எட்டாது.

படங்களின் வழக்கமான பிழைகள்

1. நிலம் வாய் பிளப்பது. பிளவுக்கோட்டின் இரு பக்கப் பாறைகளும் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டிருப்பதால், நகர முடியாமல் இறுக்கம் சேர்கிறது. உராய்வைத் தாண்டி அது விடுபடுவதே நிலநடுக்கம். பாறைகள் விலகித் திறந்துகொண்டால் உராய்வே இராது. உராய்வு இல்லையென்றால் நிலநடுக்கமும் இல்லை. ஆகவே தொடர்வண்டியை விழுங்கும் பள்ளம் தன்னைத்தானே மறுக்கும் காட்சி. நிலச்சரிவாலும், நீர் ஊறிய மணல் குழம்பாகிச் சரிவதாலும் மேல்மண்ணில் வெடிப்புகள் விழுவது உண்டு; அவை ஆழம் குறைந்தவை.

2. நிலம் கடலில் மூழ்குவது. சான் ஆண்ட்ரியாஸில் பூமியின் மேலோடான பெரும் பாறைத் தட்டுகள் பக்கவாட்டில் ஒன்றையொன்று உரசி நகர்கின்றன. லாஸ் ஏஞ்சலிஸ் ஆண்டுக்கு நான்கைந்து சென்டிமீட்டர் கணக்கில், நகம் வளரும் வேகத்தில், சான் பிரான்சிஸ்கோவை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது. கடலுக்குள் அல்ல.

3. குண்டு வைத்து அடக்குவது. அலாஸ்காவின் அம்சிட்கா தீவில் 1971இல் அமெரிக்கா ஏறத்தாழ 5 மெகாடன் அணுகுண்டை நிலத்தடியில் வெடித்தது. அது 7 அளவை ஒட்டிய அதிர்வைத் தந்தது. பெரிய நிலநடுக்கம் எதையும் தூண்டவும் இல்லை, அடக்கவும் இல்லை. பாறையை உருக்கிப் பிளவைப் பற்றவைக்கலாம் என்பது, வெடித்த மண்பானையைத் தீக்குச்சியால் ஒட்டுவது போன்ற யோசனை.

4. நாளும் நேரமும் சொல்லும் ஆய்வாளர். இந்த இடத்தில் இந்த நாளில் இந்த அளவில் நிலநடுக்கம் வரும் என்று சொல்லும் முறை எவரிடமும் இல்லை. சீனாவின் ஹைசெங் நகரில் 1975இல், முன்னதிர்வுகள் வரிசையாக வந்ததால், மக்களை வெளியேற்றிப் பலரைக் காப்பாற்றினார்கள். அடுத்த ஆண்டே டாங்ஷானில் அப்படி எந்த முன்னறிகுறியும் கைகொடுக்கவில்லை. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஜப்பானில் கைப்பேசிக்கு வரும் எச்சரிக்கையும் முன்கணிப்பு அன்று. நிலநடுக்கம் தொடங்கிய பின், வேகமாகப் பாயும் முதல் அலையைக் கருவிகள் பிடித்து, அழிவு செய்யும் இரண்டாம் அலை வருவதற்குள் சில வினாடிகளைப் பெற்றுத் தருகின்றன. அவ்வளவே.

எதைச் சரியாகக் காட்டுகிறார்கள், எதை விட்டுவிடுகிறார்கள்

இப்படங்கள் முழுப் பொய் என்று தள்ளிவிடுவதும் நியாயமாகாது. பின்னதிர்வுகள் தொடர்வதையும், எரிவாயுக் குழாய் உடைந்து தீப்பற்றுவதையும், தொலைத்தொடர்பு அறுந்து குடும்பங்கள் ஒருவரையொருவர் தேடுவதையும் பல படங்கள் நன்றாகவே காட்டுகின்றன. 1906இல் சான் பிரான்சிஸ்கோவை அழித்ததில் நிலநடுக்கத்தைவிடத் தீயின் பங்கே அதிகம்.

குறை வேறிடத்தில் இருக்கிறது. தொலைக்காட்சிப் படம் விளம்பர இடைவேளையை வைத்துக் கட்டப்படுவது. ஒவ்வோர் இடைவேளைக்கு முன்னும் ஒன்று இடிந்து விழுந்தாக வேண்டும். எது விழுந்தால் பார்ப்பவர் அடையாளம் கண்டுகொள்வாரோ, அது விழும். கோல்டன் கேட் பாலம் இத்தனை முறை திரையில் விழுந்தது அதனால்தான். 1989 அக்டோபர் 17 அன்று அதே வட்டாரத்தில் உண்மையாகவே 6.9 அளவுள்ள நிலநடுக்கம் வந்தது. பலமான குலுக்கம் 15 வினாடிதான். கோல்டன் கேட் விழாமல் நின்றது. விழுந்தது, யாரும் படம் எடுத்து மாட்டி வைக்காத ஓர் இரட்டை அடுக்கு நெடுஞ்சாலை. இறந்த 63 பேரில் 42 பேர் அங்கே இறந்தனர்.

நம் நாட்டில் இது இன்னும் கசப்பானது. 1993 செப்டம்பர் 30 விடியுமுன், மகாராஷ்டிரத்தின் லாத்தூர் பகுதியில் வந்த நிலநடுக்கத்தின் அளவு 6.2 மட்டுமே. எந்தப் படத் தயாரிப்பாளரும் அந்த எண்ணைத் தலைப்பாக வைக்க மாட்டார். உறங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் மண்சாந்தில் கட்டிய கனத்த கற்சுவர்கள் விழுந்ததில் ஏறத்தாழ 10,000 பேர் இறந்தனர். அப்பகுதி அன்றைய வரைபடத்தில் மிகக் குறைந்த அபாயமுள்ள முதல் மண்டலத்தில் இருந்தது. 2002இல் திருத்தப்பட்ட இந்தியத் தரவிதியில் அந்த முதல் மண்டலமே நீக்கப்பட்டது. அந்த விதியின்படி இராமநாதபுரம் இரண்டாம் மண்டலத்தில், அதாவது குறைந்த அபாயப் பகுதியில் உள்ளது. குறைவு என்றுதான் அதற்குப் பொருள். 2001 செப்டம்பரில் புதுச்சேரிக்கு அருகே கடலில் 5.5 அளவுக்கு நிலம் அதிர்ந்ததை வடதமிழகம் மறந்திருக்காது.

மூன்று பேரிடர், மூன்று கடிகாரம்

பாம்பன் துறைமுகத்தில் ஒன்றாம் எண் கூண்டு ஏற்றினார்கள் என்றால் இக்கரையில் எல்லோருக்கும் பொருள் தெரியும். புயல் நாள்கணக்கில் முன்னறிவிப்புத் தரும் பேரிடர். சுனாமி மணிக்கணக்கில் தரும். அதுவும் பிறப்பிடம் தொலைவில் இருந்தால்தான். நிலநடுக்கம் வினாடிகளுக்கு மேல் தராது. படங்கள் இம்மூன்று கடிகாரங்களையும் ஒன்றாக்கிவிடுகின்றன. தனுஷ்கோடியைச் சுனாமி கொண்டுபோனது என்று பலர் சொல்லக் கேட்பதும் இக்குழப்பத்தின் ஒரு பகுதியே. 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் பாம்பனிலிருந்து போன பயணிகள் தொடர்வண்டியையும் ஊரையும் வாரிக்கொண்டு போனது புயலும், புயல் தள்ளி வந்த கடலேற்றமும். நிலநடுக்கத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. புயல்நீரைக் காற்று தள்ளுகிறது. அது மேற்பரப்பின் வேலை. சுனாமியில் கடலடித்தளம் சட்டென உயர்ந்து, அடி முதல் மேல் வரை நீர்த்திரள் முழுவதையும் தூக்குகிறது.

சுனாமியின் வேகம் ஆழத்தைப் பொறுத்தது. 4,000 மீட்டர் ஆழக் கடலில் அது மணிக்கு 700 கிலோமீட்டருக்கு மேல் ஓடும். ஆனால் உயரம் அற்பம். 2004இல் ஜேசன்-1 செயற்கைக்கோள், நிலநடுக்கம் நிகழ்ந்து ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்குப் பின், நடுக்கடலில் அந்த அலையைக் கடந்தபோது அளந்த உயரம் சுமார் 60 சென்டிமீட்டர். நடுக்கடலில் கப்பல் செங்குத்தான நீர்ச்சுவரில் ஏறும் காட்சி திரைக்கு மட்டுமே உரியது. பத்து மீட்டர் ஆழத்துக்கு வரும்போது அதே அலையின் வேகம் மணிக்கு 36 கிலோமீட்டராகக் குறையும். பின்னால் வரும் நீர் முன்னால் இருப்பதன் மேல் ஏறி, உயரம் கூடும். கரையில் அது பெரும்பாலும் சுருண்டு விழும் அலையாக வராது. வற்றாத வெள்ளமாக, நிற்காமல் ஏறிக்கொண்டே வரும்.

உள்வாங்கல்: இரு திசையிலும் பிசகும் அடையாளம்

இனி தொடக்கத்தில் சொன்ன காட்சிக்கு வரலாம். பாம்பன் தீவின் ஒரு பக்கம் பெண் கடல் எனப்படும் பாக் நீரிணை. மறுபக்கம் ஆண் கடல் எனப்படும் மன்னார் வளைகுடா. பாக் நீரிணையின் பெரும்பகுதி 10 மீட்டரை ஒட்டிய ஆழமே உடையது. கரையோரத்தில் இடுப்பளவு நீர் வெகுதூரம் போகும். இப்படிப்பட்ட தட்டையான கடலில் காற்று ஒரே திசையில் சில நாள் நிலைத்து வீசினாலே நீர் எதிர்க்கரைப் பக்கம் ஒதுங்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய வற்றமும் சேர்ந்துகொண்டால் அடித்தரை வெளியே தெரியும். காற்றுப் பருவம் மாறும்போது நீர் திரும்பிவிடும். ஆகவே கடல் உள்வாங்குவதால் மட்டும் சுனாமி வருகிறது என்று ஆகாது.

மறுபக்கமும் உண்டு; அது இன்னும் முக்கியமானது. சுனாமி வந்தால் கடல் முதலில் உள்வாங்கியே தீரும் என்பதும் இக்கரைக்குப் பொருந்தாது. சுமத்ரா - அந்தமான் வளைவில் இந்தியத் தட்டு கிழக்கு நோக்கி அடியில் நுழைகிறது. மேலே இருக்கும் தட்டின் மேற்கு விளிம்பு விடுபட்டுத் துள்ளி உயர்கிறது. அதற்குக் கிழக்கே உள்ள பகுதி தாழ்கிறது. எனவே கிழக்கே தாய்லாந்துக் கரைக்கு முதலில் பள்ளம் போனது, கடல் உள்வாங்கியது. மேற்கே இலங்கை, தமிழகம் நோக்கி முதலில் புறப்பட்டது மேடு. கடல் நேராக ஏறியது. இங்கே பலர் பார்த்த பெரிய உள்வாங்கல் முதல் அலைக்குப் பின், அடுத்த அலைக்கு முன் நேர்ந்தது. முதல் அலை வடிந்ததும் முடிந்துவிட்டது என்று நினைத்து, படகையும் வலையையும் பார்க்கவும், துள்ளிக் கிடந்த மீனைப் பொறுக்கவும் இறங்குவதற்கான சூழ்நிலை அதுதான். திரைப்படத்தில் அலை ஒன்றுதான். அது விழுந்ததும் இசை தணியும். உண்மையில் அலைகள் பல மணி நேரம் தொடரும்; முதலாவதே பெரியதாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை.

2012 ஏப்ரல் 11: வராத சுனாமி

பெரிய எண் என்றால் பெரிய அலை என்ற கணக்கும் தவறு என்பதற்கு நம் கண்முன் நடந்த சான்று உண்டு. அன்று பிற்பகல் 2.08 மணியளவில் சுமத்ராவுக்கு மேற்கே 8.6 அளவில் நிலம் அதிர்ந்தது. இரண்டு மணி நேரம் கழித்து 8.2. எச்சரிக்கை விடப்பட்டது, தமிழகக் கரையோரம் மக்கள் வீட்டை விட்டு வெளியேறினர், ஆனால் கடல் பெரிதாக ஏறவில்லை. காரணம், அங்கே பிளவு பக்கவாட்டில் நகர்ந்தது. கடலடித்தளம் மேலே எழும்பவில்லை. தண்ணீர்த் தொட்டியில் கையைத் தட்டையாக வைத்துப் பக்கவாட்டில் இழுப்பதற்கும், அடியிலிருந்து மேலே தூக்குவதற்கும் உள்ள வேறுபாடே இது.

அந்த எச்சரிக்கை வீண் என்று அப்போது சிலர் சலித்துக்கொண்டார்கள். பிளவு எந்தத் திசையில் நகர்ந்தது என்று தெளிவாகத் தெரிய, அளவைக் கணிப்பதைவிடச் சற்று நேரம் கூடுதலாகத் தேவைப்படும். கடலடி அழுத்தமானிகளும் அலைமட்டக் கருவிகளும் அலை வரவில்லை என்று காட்டிய பிறகே எச்சரிக்கையைத் திரும்பப் பெற முடியும். ஐதராபாத்தில் இன்காய்ஸ் என்ற இந்தியக் கடல்சார் தகவல் சேவை நிறுவனம் 2007 அக்டோபர் முதல் நடத்தும் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் அன்று செய்தது இதைத்தான். மையத்தின் அறிவிப்பிலும் படிநிலைகள் உள்ளன: கண்காணிப்பு நிலை, கடற்கரையை விட்டு விலகி நிற்கும் நிலை, மக்களை வெளியேற்றும் நிலை. செய்தி கைமாறும்போது மூன்றும் 'சுனாமி எச்சரிக்கை' என்ற ஒரே சொல்லாகிவிடுகின்றன.

இக்கரைக்குப் பொருந்துவது

2004இல் நாகப்பட்டினம் மாவட்டத்தில் 6,000-க்கும் மேற்பட்டோர் இறக்க, இராமநாதபுரம் கரை பெரும்பாலும் தப்பியதற்குக் காரணம் குறுக்கே இலங்கை இருந்தது. அலையின் முழு வேகத்தையும் வாங்கிக்கொண்ட அந்தத் தீவில் 30,000-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ஆனால் அது முழுக் காப்பு அன்று. அலை இலங்கையின் தென்முனையைச் சுற்றி வளைந்து வந்தே குளச்சலையும் கேரளத்தின் ஆலப்பாட்டையும் தாக்கியது. மன்னார் வளைகுடாவைப் பார்த்திருக்கும் ஊர்கள் அந்த வளைந்த அலையின் வழியிலேயே இருக்கின்றன. பாக் நீரிணைப் பக்கத்துக்கு ஆழமின்மை கூடுதல் தடை.

அந்த ஆழமின்மைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. சுனாமி எச்சரிக்கை வந்தால் கடலில் இருக்கும் படகுகள் கரைக்குத் திரும்பாமல் ஆழ்கடலுக்குப் போய் நிற்க வேண்டும் என்பது பல நாடுகளில் சொல்லப்படும் விதி. படங்களிலும் கப்பல் தலைவர் அப்படித்தான் ஆழ்கடல் நோக்கித் திருப்புவார். மன்னார் வளைகுடாவில் தெற்கே தொலைவில் மீன்பிடிக்கும் படகுக்கு அது பொருந்தும். இராமேசுவரத்திலிருந்து பாக் நீரிணைக்குள் போன விசைப்படகுக்கு ஐந்தாறு பாகத்துக்கு (ஒரு பாகம் சுமார் 1.8 மீட்டர்) மேல் ஆழமே கிடைக்காது. அந்தப் படகுக்குச் செய்தி கிடைத்த நேரத்தில் அலை வர இரண்டு மணி நேரம் இருந்தால், கரை ஒரு மணி நேரத் தொலைவில் இருந்தால், திரும்பி வந்து, படகைக் கட்டிவிட்டு, வலையை அப்படியே போட்டுவிட்டு, மேட்டுப்பகுதிக்கு நடக்க நேரம் இருக்கிறது. நேரம் போதாவிட்டால் ஆழமில்லாத கரையோரத்தையும் துறைமுக வாயிலையும் விட்டு விலகி, கிடைக்கும் ஆழத்தில் நின்று, மையம் எச்சரிக்கையைத் திரும்பப் பெறும் வரை வானொலிக்கருவியைக் கேட்டுக்கொண்டிருப்பதே வழி.